அவ்வளவு சரியில்லை

வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்தில் டிலக்ஷி எழுதிய அறிக்கை ஒன்றில் 'அன்பெர்ஃபெக்ட்' என்று ஒரு சொல் இருந்தது. புதிதாகக் கட்டிய படகின் பக்கச் சுவரில் வர்ணம் திட்டுத் திட்டாகப் பிடித்திருந்ததைச் சொல்வதற்காகப் போட்ட சொல். ஹப்பிக்கு எதிர்ச்சொல் அன்ஹப்பி, சேஃபுக்கு அன்சேஃப், அப்படியென்றால் பெர்ஃபெக்டுக்கு அன்பெர்ஃபெக்ட்தானே என்று அவள் நினைத்துவிட்டாள்.

திட்ட அலுவலர் சயந்தன் அதைக் கந்தோரில் எல்லோருக்கும் கேட்கத்தக்கதாக வாசித்தார்.

"டிலக்ஷி, உப்பிடி ஒரு சொல் இங்கிலீஷிலை இல்லை. இம்பெர்ஃபெக்ட். வெள்ளைக்காரன் உதைப் பார்த்தால் எங்களைப் பற்றி என்ன நினைப்பான்?"

அவர் கெட்ட மனிதர் அல்ல. உடுப்பிட்டியில் நல்ல பள்ளிக்கூடத்தில் படித்து, கொழும்பில் வேலை பார்த்துவிட்டு வந்தவர். பிழையைக் கண்டால் சிரிக்கத்தான் தெரியும். மற்றவர்களும் சிரித்தார்கள். டிலக்ஷியும் சேர்ந்து சிரித்தாள். பிறகு பைப்படிக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள். அன்றிலிருந்து ஒரு வசனத்தை எழுதினால், அது சொல்ல வந்ததைச் சொல்கிறதா என்பதைவிட, அதில் யாராவது சிரிக்க இடமிருக்கிறதா என்றுதான் முதலில் பார்த்தாள்.

அவள் குருநகர்ப் பிள்ளை. ஊரே இடம்பெயர்ந்து கிடந்த காலத்தில், கொடிகாமத்தில் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் பிறந்தவள். தகப்பன் நீக்கிலாப்பிள்ளை நண்டு வலை போடுகிறவர். தாய் லூர்த்தம்மா அந்த நண்டைச் சந்தைக்குக் கொண்டுபோகிறவள். சாதாரணதரப் பரீட்சையில் முதல்முறை இங்கிலீஷ் கைவிட்டது. இரண்டாம் முறை எடுத்துச் சித்தியடைந்தாள். கொஞ்சக் காலம் ரெலிபோன் கடையில் நின்றபோது, வெளிநாட்டிலிருந்து லீவுக்கு வந்த தமிழ் தெரியாத பிள்ளைகளோடு கதைத்துக் கதைத்து நாக்குத் திருந்தியது. கடற்றொழிலாளர் சங்கங்களின் சமாசம் மொழிபெயர்க்க ஒருவரைத் தேடியபோது, அந்தக் கரையில் அந்த வேலைக்குப் போகக்கூடியவள் அவள் ஒருத்திதான். "எங்கடை பிள்ளை வெள்ளைக்காரனோடை கதைக்குது" என்று லூர்த்தம்மா சந்தை முழுக்கச் சொல்லித் திரிந்தாள்.

வேலை இதுதான். வெளிநாட்டு உதவி நிறுவனம் ஒன்று சங்க உறுப்பினர்களுக்கு பைபர் படகுகள் கட்டிக்கொடுத்தது. படகுகளைக் குருநகர்க் கொட்டகையிலேயே கட்டினார்கள். ஆனால் ஒவ்வொரு படகும் எந்த நிலையில் இருக்கிறது என்று ஹென்றிக் என்ற பொறியியலாளருக்கு இங்கிலீஷில் எழுதி அனுப்ப வேண்டும். அவர் தன்னுடைய நாட்டில் இருந்துகொண்டு சரி என்றால்தான் படகைக் கடலில் ஓட்டிப் பார்க்கலாம். படகு கட்டும் மேத்திரியார் எமில்ராஜ் தமிழில் சொல்வதை டிலக்ஷி இங்கிலீஷில் எழுதுவாள். சயந்தன் பார்த்து அனுப்புவார்.

அந்த வருடம் தை பிறந்தும் மழை விடவில்லை. கொட்டகையின் தகரத்தில் நாள் முழுக்கச் சடசடத்துக்கொண்டிருந்தது. ஒரு வியாழக்கிழமை பின்னேரம் எமில்ராஜ் அவளைக் கூப்பிட்டார். முடிந்த நிலையில் கவிழ்த்து வைத்திருந்த படகின் பக்கத்தில் நின்றார். கையில் ஒரு சின்னச் சுத்தியல்.

"பிள்ளை, உதைக் கேள்."

பக்கச் சுவர் நெடுகத் தட்டிக்கொண்டு வந்தார். டிக், டிக், டிக் என்று தெளிவான சத்தம். எஞ்சினைப் பூட்டுகிற பின்பலகையும் படகின் அடியும் சேருகிற மூலைக்கு வந்ததும் சத்தம் மாறியது. பொத் என்றது. இன்னொரு முறை தட்டினார். பொத்.

"மழைக்குள்ளை ஒட்டினது. உள்ளுக்கை ரெசின் பசை காயேல்லைப் போலை கிடக்கு. இந்த மூலை அவ்வளவு சரியில்லை. அவருக்கு எழுதிவிடு."

"கனக்கப் பழுதோ எமில் அண்ணை?"

"அவ்வளவு சரியில்லை எண்டுறன்."

எமில்ராஜ் எதையும் உரத்துச் சொல்லாத மனிதர். வலை கிழியக் கிழிய மீன் பட்டாலும் "பரவாயில்லை" என்பதற்கு மேல் போகமாட்டார். அவர் வாயில் "அவ்வளவு சரியில்லை" வந்தால் அது எவ்வளவு தூரம் என்று டிலக்ஷிக்குத் தெரியும். யாழ்ப்பாணத்தில் யாருக்கும் தெரியும். ஆஸ்பத்திரியில் டொக்டர் வெளியே வந்து "அவ்வளவு சரியில்லை" என்றால், ஆட்கள் வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகளுக்குப் போன் எடுக்கத் தொடங்குவார்கள்.

கந்தோருக்கு வந்து கணினிக்கு முன்னால் இருந்தாள். 'அந்த இணைப்பு நல்லாயில்லை' என்று முதலில் எழுதினாள். நொட் குட். வாசித்துப் பார்த்தாள். மூன்றாம் வகுப்புப் பிள்ளை எழுதியது போல இருந்தது. அழித்தாள். 'இம்பெர்ஃபெக்ட்' என்று அடித்தாள். அந்தச் சொல்லைப் பார்த்ததுமே அன்று கந்தோர் சிரித்த சிரிப்புக் காதில் கேட்டது. அதையும் அழித்தாள். பிறகு போனை எடுத்து, குறையுள்ள ஒன்றைச் சரியான இங்கிலீஷில் எப்படிச் சொல்வது என்று தேடினாள். ஒரு பக்கத்தில், மரியாதையான, இயல்பான பிரயோகம் என்று போட்டு ஒன்று கிடைத்தது: 'நொட் குவைற் பெர்ஃபெக்ட்'.

அவளுக்கு நெஞ்சு குளிர்ந்தது. 'குவைற்' என்றால் அவ்வளவு. 'பெர்ஃபெக்ட்' என்றால் சரி. 'நொட்' என்றால் இல்லை. எமில் அண்ணை சொன்னது சொல்லுக்குச் சொல் அப்படியே வந்து பொருந்திவிட்டது. பின்பலகை மூலையின் இணைப்பு நொட் குவைற் பெர்ஃபெக்ட் என்று எழுதி முடித்தாள்.

சயந்தன் வாசித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். "உம்மடை இங்கிலீஷ் இப்ப நல்லா வந்திட்டுது."

வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அந்த வார்த்தை அவளோடு வந்தது.

சனிக்கிழமைகளில் அவளுக்குக் கோப்பாயில் இங்கிலீஷ் டிப்ளோமா வகுப்பு. அன்றும் காலை பஸ்ஸில் போய்விட்டாள். வகுப்பு நடக்கும்போது போன்களை அணைத்துவிட வேண்டும் என்பது பிரதீபா மிஸ்ஸின் சட்டம். தேநீர் இடைவேளைக்கு விட்டதும், டிலக்ஷி விறாந்தைத் தூணில் சாய்ந்துகொண்டு போனை உயிர்ப்பித்தாள்.

முதலில் வந்தது சமாசக் குழுவுக்குச் சயந்தன் அனுப்பிய படம். இறங்குதுறை. வியாழக்கிழமை கவிழ்ந்து கிடந்த அதே படகு தண்ணீரில் நிற்கிறது. உள்ளே மண் மூட்டைகள் அடுக்கியிருக்கின்றன. பின்னால் பெரிய எஞ்சின். எஞ்சினுக்குப் பக்கத்தில் எமில்ராஜ். முன்னால் அவளுடைய மாமி மகன் றஜிந்தன், பெருவிரலை உயர்த்திச் சிரித்துக்கொண்டு. நடுவில் சாரத்தை மடித்துக் கட்டியபடி நீக்கிலாப்பிள்ளை.

கடலோட்டம் பார்க்க இவ்வளவு கெதியாக எப்படி வெளிக்கிட்டார்கள் என்று அவளுக்கு விளங்கவில்லை. கந்தோர் மெயிலைத் திறந்தாள். முதல்நாள் பின்னேரம் ஹென்றிக்கின் பதில் வந்திருந்தது. படகு கிட்டத்தட்டக் குறையே இல்லாமல் இருப்பதை அறிந்து மகிழ்ச்சி என்று தொடங்கியது. சின்னச் சின்ன அழகுக் குறைகளைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், முழுப் பாரத்தோடு வெளிக்கடலுக்குக் கொண்டுபோய் முழு வேகத்தில் ஓட்டிப் பாருங்கள் என்று முடிந்தது.

'நியர்லி பெர்ஃபெக்ட்.' அதைத்தான் அவர் எழுதியிருந்தார். டிலக்ஷி திரும்பவும் வாசித்தாள். கிட்டத்தட்டச் சரி என்று நான் எங்கே சொன்னேன்?

பிரதீபா மிஸ் தேநீர்க் கோப்பையோடு விறாந்தையில் நின்றார். டிலக்ஷி போய் அவருக்கு முன்னால் நின்றாள். 

"மிஸ், 'நொட் குவைற் பெர்ஃபெக்ட்' எண்டால் என்ன?"

"கிட்டத்தட்டச் சரி. ஒரு பொட்டுக் குறை இருக்கு, அவ்வளவுதான். ஏன்?"

"கனக்கப் பழுது எண்டு வராதோ?"

"வராது. 'குவைற் இம்பெர்ஃபெக்ட்' எண்டு எழுதியிருந்தால் ஓரளவுக்கு வரும். 'நொட் குவைற்' எண்டால், சரியான இடத்துக்குக் கிட்டப் போய்க் கொஞ்சம் தவறிப்போச்சுது எண்டுதான் அர்த்தம். ஆர் எழுதினது?"

"நான் மிஸ். கிராமர் பிழையோ?"

"கிராமர் நூற்றுக்கு நூறு சரி," என்று தொடங்கிய பிரதீபா அவள் முகத்தைப் பார்த்துக் கோப்பையைக் கீழே வைத்தார். "என்ன நடந்தது?"

டிலக்ஷி தகப்பனுக்குப் போன் எடுத்தாள். தொடர்புகொள்ள முடியாது என்றது. எமில்ராஜுக்கு எடுத்தாள். அதுவும் அப்படித்தான். றஜிந்தனுடையது மணியடித்தது, எடுத்தது அவனுடைய இளம் மனைவி. "அவர் போனை வைச்சிட்டுப் போட்டார் மச்சாள், நனைஞ்சிடுமெண்டு." டிலக்ஷி அவளிடம் ஒன்றும் சொல்லாமல் வைத்துவிட்டுச் சயந்தனுக்கு எடுத்தாள்.

"சேர், போட் எங்கை நிக்குது?"

"மண்டைதீவு தாண்டியிருக்கும். நல்ல ஓட்டம். ஏன், நீர் வகுப்புக்குப் போகேல்லையோ?"

"சேர், உடனை திரும்பி வரச்சொல்லுங்கோ. அந்த மூலை காயேல்லை. பாரத்தோடை ஓடினால் பின்பலகை பிளக்கும்."

"ஹென்றிக்கே சரியெண்டிட்டாரே."

"நான் பிழையா எழுதிப்போட்டன் சேர். அவர் விளங்கினது வேறை."

மறுபக்கத்தில் காற்றுச் சத்தம் கேட்டது. "நான் வாசிச்சனான்தானே டிலக்ஷி? இங்கிலீஷ் சரியாத்தானே இருந்தது. அதோடை எமில்ராஜும் போட்டிலைதானே நிக்கிறார்? பழுதெண்டால் ஏறுவாரோ?"

"சேர், ஒரு போட்டைப் பின்னாலை அனுப்புங்கோ."

"திங்கட்கிழமை உதவி நிறுவனத்து ஆக்கள் போட்டுகளைப் பார்க்க வருகினம். இப்ப நாங்களே பழுதெண்டு கத்தித் திரிஞ்சால் எப்பிடி இருக்கும்? கொஞ்சம் பொறும். வந்திடுவினம்."

அவள் போனை வைத்தாள்.  எமில் அண்ணை ஏன் ஏறினார் என்று அவளுக்குத் தெரியும். தான் சொல்லவேண்டியதைச் சொல்லிவிட்டார். படித்த மனிதர் பார்த்துவிட்டுச் சரி என்று மறுமொழி போட்டுவிட்டார். தான் கட்டிய படகில் மற்றவர்களை ஏற்றிவிட்டுத் தான் கரையில் நிற்கிற ஆளும் அவர் அல்ல.

அடுத்ததாகத் தாய்க்கு எடுத்தாள். லூர்த்தம்மா மீனுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்திருக்க வேண்டும். சந்தை இரைச்சல் கேட்டது.

"அம்மா, அப்பா போன போட் உடையப் போகுது. ஆரையாவது பின்னாலை அனுப்பு."

லூர்த்தம்மா ஏன் என்று கேட்கவில்லை. எப்படித் தெரியும் என்றும் கேட்கவில்லை. "எந்தப் பக்கம்?" என்றாள்.

"மண்டைதீவுக்குத் தெற்காலை."

அந்தப் பக்கம் கூடை விழுந்த சத்தம் கேட்டது. அழைப்பு அறுந்தது.

பிரதீபா வகுப்பை அப்படியே விட்டுவிட்டு ஸ்கூட்டியை எடுத்தார். டிலக்ஷியை ஏற்றிக்கொண்டு குருநகருக்கு வெளிக்கிட்டார். தோட்டங்களுக்குள் வெள்ளம் நின்றது. றோட்டில் நின்ற தண்ணீரை ஸ்கூட்டி கிழித்துக்கொண்டு போனது. டிலக்ஷி பின்னால் இருந்தபடி திரும்பத் திரும்ப அந்த வசனத்தையே மனதுக்குள் எழுதினாள். உடைந்துவிடும். பாரம் தாங்காது. கடலுக்குப் போகக்கூடாது. எவ்வளவு சுலபமான சொற்கள்! எல்லாம் அவளுக்கு ஐந்தாம் வகுப்பிலேயே தெரிந்த இங்கிலீஷ்.

இறங்குதுறையில் ஆட்கள் கூடிவிட்டார்கள். லூர்த்தம்மா அலையடிக்கிற கல்லில், முழங்கால் நனைய நின்றாள். அயல்வீட்டுத் தேனுஜன் அப்போதுதான் நண்டு வலை வளைத்துக்கொண்டு வந்து எஞ்சினைக் கழற்றப் போனாராம். லூர்த்தம்மா போய்ப் படகுக்குக் குறுக்கே நின்று, அவரையும் இன்னொருவரையும் திருப்பி அனுப்பியிருக்கிறாள். அவர்கள் போய்க் கன நேரம் என்றார்கள். கடல் சாம்பல் நிறத்தில் கிடந்தது. வாடைக் காற்று முதுகில் அடித்தது. றஜிந்தனின் மனைவியும் வந்துவிட்டாள். அவள் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தாள். யாரும் அவளைப் பார்க்கவில்லை.

சயந்தன் தனியே நின்று போனில் யாரோடோ மெதுவாகக் கதைத்துக்கொண்டிருந்தார். டிலக்ஷியைக் கண்டதும் போனை இறக்கினார். 

"ஆரடி சொன்னது உடையுமெண்டு?" லூர்த்தம்மா கடலிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள்.

"எமில் அண்ணை."

"தெரிஞ்சுகொண்டே ஏறினவரோ?"

"அவர் சொன்னதை நான் ஒழுங்கா எழுதேல்லை அம்மா."

லூர்த்தம்மா திரும்பி மகளைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபமா, பயமா, வேறு எதுவுமா என்று டிலக்ஷியால் பிரித்தெடுக்க முடியவில்லை. தாய் மறுபடியும் கடலைப் பார்த்துக்கொண்டு செபமாலையை உருட்டத் தொடங்கினாள். பிரதீபா தன்னுடைய சால்வையை எடுத்து றஜிந்தனின் மனைவியின் தோளில் போட்டார்.

முதலில் கண்டது கல்லின் நுனியில் நின்ற ஒருவர். "ரெண்டு தெரியுது" என்றார். கொஞ்ச நேரத்தில் மற்றவர்களுக்கும் தெரிந்தது. முன்னால் தேனுஜனின் படகு. பின்னால் கயிற்றில் இன்னொன்று. அந்தப் பின்னால் வந்ததன் முகப்பு வானத்தைப் பார்த்திருந்தது. பின்பாதி தண்ணீருக்குள்.

"ஆக்கள் எத்தினை?" என்று யாரோ கேட்டார்கள். மழைத் தூறலில் எண்ண முடியவில்லை. ஒரு தலை. இன்னொரு தலை. றஜிந்தனின் மனைவி தண்ணீருக்குள் இறங்கிவிட்டாள். இரண்டு பெண்கள் பிடித்து இழுத்தார்கள். படகு கிட்ட வந்தது. தேனுஜனின் படகில் ஒருவர் குந்தியிருந்தார், ஒருவர் படுத்திருந்தார். இழுபட்டு வந்த படகின் முகப்பைக் கட்டிப்பிடித்தபடி ஒருவர், வெற்றுடம்போடு. அது றஜிந்தன். குந்தியிருந்தது எமில்ராஜ். படுத்திருந்தது நீக்கிலாப்பிள்ளை.

 தகப்பன் கையை உயர்த்தி எதையோ தேடுவது போல அசைத்ததைக் கண்ட பிறகுதான் டிலக்ஷிக்கு மூச்சு வந்தது.

பிறகு றஜிந்தன் சொல்லித்தான் நடந்தது தெரிந்தது. வெளிக்கடலில் முழு வேகம் கொடுத்ததும் எஞ்சின் ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது. எமில்ராஜ் உடனே வேகத்தைக் குறைத்திருக்கிறார். நிறுத்துவதற்குள் அந்த மூலை வாயைத் திறந்துவிட்டது. எமில்ராஜ் தன் சேர்ட்டையும் றஜிந்தனின் சேர்ட்டையும் பிளவுக்குள் திணித்து, முதுகால் அழுத்திக்கொண்டு இருந்திருக்கிறார். மற்ற இருவரும் மண் மூட்டைகளைக் கடலில் தள்ளியிருக்கிறார்கள். அந்த நேரத்தில்தான் எஞ்சின் பலகையோடு பிய்ந்து, நீக்கிலாப்பிள்ளையின் கையை நசுக்கிக்கொண்டு கடலுக்குள் போனது. தேனுஜன் போய்ச் சேர்ந்தபோது மூவரும் முகப்பில் தொங்கிக்கொண்டிருந்தார்கள்.

நீக்கிலாப்பிள்ளையின் இடது கையில் இரண்டு விரல்கள் இனி மடங்காது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். எமில்ராஜின் முதுகு கிழிந்து தையல் போட வேண்டியிருந்தது. அவ்வளவோடு போனது மாதாவின் கிருபை என்றாள் லூர்த்தம்மா.

திங்கட்கிழமை விருந்தினர் வரவில்லை. அதற்குப் பதிலாகச் சமாச மண்டபத்தில் கூட்டம். சுவரில் திரை தொங்கியது. திரையில் ஹென்றிக்கின் முகம், தூக்கமில்லாத கண்களோடு. கீழே சீமெந்துத் தரையில் உடைந்த மூலையைக் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். பிளந்த இடத்தில் ரெசின் இன்னும் பிசுபிசுத்துக்கொண்டிருந்தது. முன்வரிசையில் எமில்ராஜ் முதுகைச் சாய்க்க முடியாமல் நிமிர்ந்து இருந்தார். அவருக்குப் பக்கத்தில் மொழிபெயர்க்க டிலக்ஷி.

சயந்தன் எழுந்து இங்கிலீஷில் பேசினார். நல்ல இங்கிலீஷ். பழுது எவ்வளவு பாரதூரமானது என்பதைக் கொட்டகை தங்களுக்குத் தெளிவாக அறிவிக்கவில்லை என்றார். அறிவித்திருந்தால் கடலோட்டத்தை நிறுத்தியிருப்போம் என்றார். மேத்திரியாரை மாற்றுவது பற்றி யோசிக்கலாம் என்றார்.

ஹென்றிக் கேட்டார்: அந்த இணைப்பைப் பரிசோதித்தவர் யார்?

இங்கிலீஷ் தெரிந்தவர்கள் எல்லோரும் எமில்ராஜைப் பார்த்தார்கள். இங்கிலீஷ் தெரியாதவர்களும் அவர்களைப் பார்த்து எமில்ராஜைப் பார்த்தார்கள்.

"என்னவாம் பிள்ளை?" என்று எமில்ராஜ் மெதுவாகக் கேட்டார்.

டிலக்ஷி வாயைத் திறந்தாள். சயந்தன் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். வீட்டில் தகப்பன் கையைத் தலையணை மேல் வைத்துக்கொண்டு கிடந்தார். அவர் இனி எப்போது வலை தூக்குவார் என்று தெரியாது. அந்த வீட்டுக்கு இப்போது இருந்தது அவளுடைய இந்த வேலை ஒன்றுதான். அவள் பேசாமல் இருந்தாலே போதும். ஹென்றிக் கேட்டதை மட்டும் தமிழில் சொல்லி, எமில்ராஜ் சொல்வதை மட்டும் இங்கிலீஷில் சொன்னாலே போதும். அதுதானே அவளுடைய வேலை.

எழுந்து நின்றாள். இங்கிலீஷில் சொன்னாள். அவர் பரிசோதித்தார். பழுது என்று எனக்குச் சொன்னார். நான்தான் பிழையான சொல்லை எழுதினேன்.

மண்டபத்தில் கதிரைகள் தரையில் உராய்ந்தன. ஹென்றிக் முன்னால் சாய்ந்தார். அவர் என்ன சொன்னார், அவர் சொன்ன சொல் என்ன, என்று கேட்டார்.

டிலக்ஷி திரும்பவும் மாட்டிக்கொண்டாள். 'அவ்வளவு சரியில்லை' என்பதை இப்போதும் அவளால் இங்கிலீஷில் சொல்ல முடியவில்லை. எதை எடுத்தாலும் பழைய வசனமே வந்து நின்றது. எமில்ராஜின் பக்கம் குனிந்தாள்.

"எமில் அண்ணை, அண்டைக்கு என்ன நினைச்சுக்கொண்டு எனக்குச் சொன்னனீங்கள்?"

அவர் அவளை விளங்காமல் பார்த்தார். "என்னத்தை நினைக்கிறது? இதைக் கடலிலை இறக்காதையுங்கோ எண்டுதான்."

டிலக்ஷி நிமிர்ந்தாள். 'இந்தப் படகைக் கடலில் இறக்காதீர்கள்' என்று இங்கிலீஷில் சொன்னாள். இலக்கணம் பார்க்கவில்லை. யாரும் சிரிக்கவுமில்லை.

 குறை என்று ஒருவர் எழுதினால் என்ன குறை என்று கேட்டிருக்க வேண்டியது தன்னுடைய கடமை என்றார் ஹென்றிக். ஒரு படம் கூடக் கேட்காமல் முழுப் பாரம் ஏற்றச் சொன்னது தான்தான் என்றார். மேத்திரியாரை மாற்றுகிற பேச்சு அன்றோடு நின்றது. சயந்தன் மேசையைப் பார்த்தபடி காகிதங்களை அடுக்கினார்.

ஆனால் டிலக்ஷிக்கு அது முடியவில்லை. கூட்டம் கலைந்து வெளியே வந்தபோது எமில்ராஜ் வாசலில் நின்றார்.

"நான் சொன்னது உனக்கு விளங்கினதோ, இல்லையோ?"

"விளங்கினது அண்ணை."

"விளங்கியும் அப்பிடி எழுதினனியோ?"

 ஆட்கள் சிரிப்பார்கள் என்ற பயத்தில் எழுதினேன் என்று, முதுகில் தையலோடு நிற்கிற மனிதரிடம் எப்படிச் சொல்வது? எமில்ராஜ் போய்விட்டார். அதற்குப் பிறகு கன நாள் அவளோடு கதைக்கவில்லை. சொல்ல வேண்டியதை றஜிந்தனிடம் சொல்லி அனுப்பினார். அவள் கொட்டகைக்குப் போனால் சுத்தியலை வைத்துவிட்டு வெளியே போவார். சயந்தன் முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. ஆனால் அவளுடைய அறிக்கைகளை வாசிப்பதை நிறுத்திவிட்டு, வெறுமனே கையெழுத்து வைத்து அனுப்பினார்.

தகப்பன்தான் ஒருநாள், கட்டுப்போட்ட கையைத் தடவிக்கொண்டு கேட்டார்: "அந்தாள் தட்டிக் காட்டினவரெல்லோ? அந்தச் சத்தத்தையே எழுதியிருக்கலாமே பிள்ளை."

டிலக்ஷி மற்றப் படகுகளை எல்லாம் றஜிந்தனைக் கொண்டு தட்டுவித்தாள். இன்னும் இரண்டில் அந்தச் சத்தம் கேட்டது. சரி, பிழை என்று தீர்ப்புச் சொல்லாமல், கண்டதையும் கேட்டதையும் எழுதினாள். எந்த மூலை, எத்தனை விரல் அகலம், தட்டினால் எப்படிக் கேட்கிறது, நகத்தால் கீறினால் ரெசின் ஒட்டுகிறதா. பிரதீபா மிஸ்ஸிடம் காட்டினாள். "பள்ளிக்கூடப் பிள்ளை எழுதினது மாதிரி இருக்கோ மிஸ்?" என்று கேட்டாள். "ஓம், இருக்கு," என்றார் பிரதீபா. "அப்பிடியே அனுப்பும்."

இரண்டு படகுகளையும் அறுத்து, கொட்டகையை மழை புகாதபடி படங்குச் சீலையால் மறைத்து, வெயில் வந்த நாட்களில் திரும்ப ஒட்டினார்கள். மாசி கடைசியில் அவற்றில் ஒன்று கடலோட்டத்துக்கு ஆயத்தமாக நின்றது. மூலை காய்ந்து இறுகிவிட்டது, பாரம் ஏற்றலாம் என்று டிலக்ஷி எழுதி, ஹென்றிக் படங்களைப் பார்த்துச் சம்மதம் சொல்லியிருந்தார். அவள் இறங்குதுறையில், படகு புறப்படுவதைப் படமெடுக்க நின்றாள். எமில்ராஜ் எஞ்சினைப் பூட்டி முடித்துவிட்டு நிமிர்ந்தார்.

"என்ன பார்த்துக்கொண்டு நிக்கிறாய்?" என்றார். அந்தக் கூட்டத்துக்குப் பிறகு அவளை நேரே பார்த்து அவர் பேசியது அதுதான். "எழுதினது நீயெல்லோ. ஏறு."

அவர் கோபத்தில் சொல்கிறாரா என்று அவளுக்குத் தெரியவில்லை. றஜிந்தன் சிரிப்பை அடக்கிக்கொண்டு கையை நீட்டினான். அவள் செருப்பைக் கழற்றிக் கல்லில் வைத்துவிட்டு ஏறினாள். மண் மூட்டைகளைத் தாண்டிப் போய், பின்பலகையின் அந்த மூலைக்குப் பக்கத்தில் குந்தினாள். மண்டைதீவு பின்னால் போனது. அலை பெருத்தது. எமில்ராஜ் அவளை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு முழு வேகம் கொடுத்தார். படகு குதித்தது. டிலக்ஷி ஒரு கையால் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையைக் கீழே விட்டு, மூலையின் உட்பக்கத்தைத் தடவினாள். மணலும் பைபர்த் தூளும்தான் விரலில் ஒட்டின. ஈரமில்லை. கையை எடுக்காமல் அப்படியே வைத்துக்கொண்டாள்.